விருந்து நடக்காத மண்டபம்: சுவீடனில் ஐந்து நாள்

முதல் நாள்: ஸ்டாக்ஹோம்

மகள் உப்சாலாவில் படிக்கிறாள். அவளைப் பார்க்க வந்த சாக்கில் ஐந்து நாள் ஊர் சுற்றுவது என்று ஏற்பாடு. பொதுப்பணித்துறையில் முப்பது வருடம் கட்டடப் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். "மத்தவங்க அப்பால்லாம் கடைத்தெரு பார்க்கிறாங்க, நீங்க மட்டும் மழைத்தண்ணி எப்படி வடியுதுன்னு பார்க்கிறீங்க" என்று மகள் முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள்.

என் குறி ஒன்றுதான். 17ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டுப் பிரபுக்கள் தங்கள் பண்ணை நிலங்களில் எழுப்பிய பரோக் மாளிகைகள். பரோக் என்றால் பகட்டும் பிரம்மாண்டமும் கூடிய அந்தக் காலத்து ஐரோப்பியக் கட்டடப் பாணி. அதிலும் முக்கியமாக ஸ்கோக்லோஸ்டர். அது நாளைக்கு. இன்றைக்கு அதன் முன்கதை ஸ்டாக்ஹோமிலேயே கிடைத்தது.

பழைய நகரத்தின் ஓரத்தில் ரித்தர்ஹூசெத் நிற்கிறது. பிரபுக்கள் கூடிப் பேசுவதற்கென்று கட்டிக்கொண்ட மாளிகை. செங்கல் சுவர், மணற்கல்லில் அரைத்தூண்கள், மேலே பச்சை ஏறிய செப்புக் கூரை. 1641இல் வேலையைத் தொடங்கியவர் சிமோன் த லா வல்லே என்கிற பிரெஞ்சுக்காரர். அடுத்த வருடமே ஒரு பிரபுவோடு ஏற்பட்ட தகராறில் காயம்பட்டு இறந்துபோனார். வேலை கை மாறி மாறிப் போய், கடைசியில் அவருடைய மகன் ஜான் த லா வல்லேதான் கூரையைப் போட்டு முடித்தார்.

அந்தக் கூரையைத்தான் எதிர்ப் பக்கம் நின்று கால் மணி நேரம் பார்த்தேன். கீழே ஒரு சரிவு, நடுவில் இடுப்பளவுக்கு நேர்ச்சுவர் மாதிரி ஒரு பட்டை, அதற்கு மேல் இன்னொரு சரிவு. ஒரு தொப்பியின் மேல் சின்னத் தொப்பியை வைத்த மாதிரி. ஒரே சரிவாக இறக்கினால் இவ்வளவு அகலமான கட்டடத்துக்குக் கூரை மலைபோல் ஏறிவிடும். இப்படி உடைத்துப் போட்டால் உயரம் அடங்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். இதைப் பார்த்துத்தான் நாடு முழுவதும் மாளிகைகளுக்கு இந்த வகைக் கூரை போட ஆரம்பித்தார்கள். இதன் பெயரே 'சேத்தெரி கூரை'.

சேத்தெரி என்றால் பிரபு தானே குடியிருக்கும் பண்ணை. அந்த நிலத்துக்கு அரசாங்க வரி கிடையாது. ஆனால் சும்மா கிடைக்காது. அந்தஸ்துக்கு ஏற்ற வீடு ஒன்று அங்கே நிற்க வேண்டும். வீட்டைக் கட்டு, வரியை மறந்துவிடு. ஏரிக்கரை எங்கும் மாளிகைகள் முளைத்ததற்குக் கலை ஆர்வம் மட்டும்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டதும் ஏதோ தெரிந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பணம் எங்கிருந்து வந்தது? போரிலிருந்து. 1630இல் சுவீடன் ஜெர்மனியில் நடந்த முப்பதாண்டுப் போருக்குள் இறங்கியது. ஃபின்லாந்தையும் சேர்த்தே பத்து லட்சத்தைச் சற்றுத் தாண்டிய மக்கள்தொகை கொண்ட ஏழை நாடு. 1648இல் போர் முடிந்தபோது அது ஐரோப்பாவின் வல்லரசுகளில் ஒன்று. பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய குடியானவனுக்கு என்ன மிஞ்சியது என்பது வேறு கதை. தளபதிகளுக்குப் பட்டம், நிலம், கொள்ளைப் பொருள் எல்லாம் சேர்ந்தது.

அந்தத் தளபதிகளில் ஒருவரின் நகர வீடு ரித்தர்ஹூசெத்துக்குப் பக்கத்துத் தீவிலேயே இருக்கிறது. கார்ல் குஸ்தாவ் வ்ராங்கெல். ஸ்கோக்லோஸ்டரைக் கட்டியவர், நம் கதாநாயகன். அந்த வீடு எவ்வளவு பெரியது என்றால், 1697இல் அரண்மனை எரிந்துபோனபோது அரச குடும்பமே இங்கேதான் குடி வந்தது. இப்போது மேல்முறையீட்டு நீதிமன்றம். வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இரண்டாம் நாள்: ஸ்கோக்லோஸ்டர், வெளியிலிருந்து

காலையில் மானம் போயிற்று. ரயிலில் போல்ஸ்டா என்ற ஊரில் இறங்கி அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். வார நாள் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினது என் தப்பு. "நான்தான் பார்த்துக்கிறேன்னு சொன்னேனேப்பா" என்று மகள் ஒரு தடவைதான் சொன்னாள், ஆனால் சொன்ன விதம் அவள் அம்மாவைப் போலவே இருந்தது. நிறுத்தத்திலேயே உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தைப் பத்தரை மணிக்கே காலி செய்தோம்.

பேருந்து வயல்களுக்கும் பைன் காட்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிறது. மெலாரென் ஏரி இங்கே விரல்களாகப் பிரிந்து நிலத்துக்குள் நுழைந்து கிடக்கிறது. அப்படி ஒரு விரலின் கரையில், மரங்களுக்கு மேலே முதலில் கோபுரத் தலைகள் தெரிந்தன. அப்புறம் மொத்தமும். வெள்ளை வெளேரென்று, சதுரமாக, நான்கு மூலையிலும் எண்கோணக் கோபுரம். சுற்றிலும் வேறு எதுவும் இல்லை. தண்ணீர், புல், இந்த வெள்ளைப் பெட்டி. யாரோ சர்க்கரைக் கட்டியைக் கரையில் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி.

உள்ளே போவதை நாளைக்கு வைத்துக்கொண்டோம். தாமதமாக வந்ததில் ஒரு நன்மை, சுற்றுப்புறத்தைப் பொறுமையாகப் பார்க்க முடிந்தது.

பக்கத்திலேயே செங்கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது, 13ஆம் நூற்றாண்டு. இங்கே சிஸ்டெர்சியன் துறவியரின் கன்னிமடம் இருந்தது. ஊரின் பெயரில் உள்ள 'க்ளோஸ்டர்' என்றாலே மடம்தான். மதச் சீர்திருத்தம் வந்து மடத்தின் நிலம் அரசர் கைக்குப் போனது. அங்கிருந்து 1611இல் ஹெர்மன் வ்ராங்கெல் என்ற படைத்தலைவருக்கு வந்தது. பால்டிக் ஜெர்மானியக் குடும்பம். மகன் கார்ல் குஸ்தாவ் 1613இல் இங்கே பிறந்தார், பழைய கல் வீட்டில். அந்த வீடு இன்றும் நிற்கிறது. புதிய மாளிகைக்கு முன் அதைப் பார்த்தால் குதிரை லாயமோ என்று தோன்றும். அப்பனுக்கு அது போதுமாக இருந்தது.

தேவாலயத்துக்குள் பிரசங்க மேடையை உற்றுப் பார்த்தேன். வேலைப்பாடு இந்த ஊர்க் கைக்குச் சம்பந்தமில்லாதது. போலந்தில் டான்சிக் (இன்றைய க்தான்ஸ்க்) பக்கம் இருந்த ஒலிவா மடத்திலிருந்து போர்க் கொள்ளையாக வந்ததாம். சாமி கும்பிடும் இடத்துக்கே கொள்ளையடித்த மேடைதான். வ்ராங்கெல் குடும்பத்தின் கல்லறை மண்டபமும் இங்கேயே. ஹெர்மன் குதிரைமேல் வீற்றிருக்கிறார், செத்த பிறகும் இறங்கவில்லை.

சாயங்காலம் புல்லில் உட்கார்ந்து மாளிகையின் முகப்பை அளந்துகொண்டிருந்தேன். 1654இல் வேலை ஆரம்பித்தது. மூல வரைவு ஜெர்மனியின் எர்ஃபுர்ட்டிலிருந்து வந்த காஸ்பர் ஃபோகெல் உடையது. ஜான் த லா வல்லேயும் மூத்த நிக்கோதேமுஸ் தெசினும் பிறகு கை வைத்தார்கள். நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம், மூலைக் கோபுரங்கள். இந்த அமைப்பு ஜெர்மனியில் ஆஷாஃபென்புர்க் கோட்டையை நினைவூட்டுகிறது என்பார்கள். வ்ராங்கெல் வாழ்நாளில் பாதியை ஜெர்மன் மண்ணில் சண்டை போட்டே கழித்தவர், அங்கே கண்டதை இங்கே கட்டிப் பார்க்க ஆசைப்பட்டிருப்பதில் ஆச்சரியமில்லை.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இது கறாரான பரோக் இல்லை. 1650களில் இந்த மூலைக் கோபுரச் சதுரம் ஐரோப்பாவில் பழைய மோஸ்தர் ஆகிவிட்டது. பீரங்கிக் காலத்தில் அந்தக் கோபுரங்களால் ஒரு பாதுகாப்பும் கிடையாது. அது வ்ராங்கெலைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? 1646இலிருந்து ஜெர்மனியில் சுவீடன் படைக்கே தலைமைத் தளபதி அவர். கடலிலும் சண்டை போட்டவர். 1647இல் ப்ரெகென்ஸ் நகரத்தைப் பிடித்துப் பெரும் பொருளை அள்ளியவர். சுவர் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று தெரிந்தேதான் கோபுரம் வைத்திருக்கிறார். ஏரியில் படகில் வருகிறவன் தூரத்திலேயே தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. வெள்ளைச் சுவர் ரோஜா நிறமாகி, பிறகு நீலமாகி, அப்படியே நின்றது. அருகே ஒரு விடுதியில் தங்கல்.

மூன்றாம் நாள்: உள்ளே

இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாளிகைக்குள் கணப்பு மூட்டுவதில்லை, வெப்பமூட்டும் குழாயும் இல்லை. வெளியே ஜூன் மாத வெயில். உள்ளே கல்தரையின் குளிர் செருப்பைத் தாண்டி ஏறியது. வருத்தப்பட வேண்டாம், அந்தக் குளிர்தான் இந்த வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது. ராத்திரி பகல் என்று சூடேற்றி ஆற்றினால் மரமும் தோலும் துணியும் விரிந்து சுருங்கி வெடித்துவிடும். இங்கே எல்லாம் பருவத்தோடு சேர்ந்து மெதுவாகக் குளிர்ந்து மெதுவாகக் காய்கின்றன.

மாடிக்குப் போனதும் 'சரி, இது பரோக்' என்று ஒத்துக்கொண்டேன். அறைக் கதவுகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில். ஒரு வாசலில் நின்றால் அடுத்த அறை, அதற்கடுத்தது, கடைசி ஜன்னல் வெளிச்சம் வரை கண் ஓடுகிறது. நடக்க நடக்க அறைகள் பிரபுவின் அந்தரங்கத்தை நெருங்கும். எந்த அறை வரை உன்னை விடுகிறார்கள் என்பதே உன் மதிப்பு.

அரசர் மண்டபத்தில் நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்தது. மேல்தளம் முழுக்கச் சுதை வேலை. அதில் ஒரு டிராகன், திருவிழா யாளி போல முழு உடம்போடு புடைத்து நிற்கிறது. சுதைக்காரனுக்கு இது சர்வ சாதாரணம் இல்லை. தலைகீழாகத் தொங்கப்போகும் உருவத்துக்கு முதலில் மேலே ஆணியும் இரும்பும் அடித்து எலும்புக்கூடு போல ஆதாரம் கட்ட வேண்டும். அப்புறம் சுண்ணாம்புக் கலவையை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். ஒரு அடுக்கு இறுகுவதற்கு முன் அடுத்ததை அவசரப்பட்டுப் போட்டால் மொத்தமும் சாரத்தில் நிற்பவன் தலையில் விழும்.

சுவர்களில் தங்கத்தோல். கிட்டே போய்ப் பார்த்தேன், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடிதான். தோலை அச்சில் அழுத்திப் பூ வேலை எழுப்பியிருக்கிறார்கள், பள்ளங்களில் நிறம் கறுத்திருக்கிறது, மேடுகளில் மஞ்சள் மினுக்குகிறது. இந்த வகைத் தோலில் தங்கமே கிடையாது. வெள்ளித் தகட்டை ஒட்டி அதன்மேல் மஞ்சள் வார்னிஷ் பூசுவார்கள், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சொக்கத் தங்கமாகத் தெரியும். "கவரிங்" என்றாள் மகள். அதேதான்.

ஓவியங்களில் இரண்டு. 1652இல் எரென்ஸ்ட்ரால் வரைந்த வ்ராங்கெல் குதிரைமேல். முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. இன்னொன்று இத்தாலிய ஓவியர் அர்ச்சிம்போல்தோவின் 'வெர்தும்னுஸ்', 1590ஐ ஒட்டிய காலம். புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப், ஆனால் முகம் முழுக்கக் காய்கறியும் பழமும். பேரிக்காய் மூக்கு, ஆப்பிள் கன்னம், நெற்றிக்குப் பூசணி. பிராகில் பேரரசரின் மாளிகையில் இருந்தது, 1648இல் சுவீடன் படை அள்ளிக்கொண்டு வந்த பொருள்களில் ஒன்று. உயிருள்ள பேரரசரைக் காய்கறிக் கூடையாக வரைந்த தைரியமும் அதை ரசித்த பேரரசரும். படம் சிரிக்கவைத்தது. அது வந்த வழியை நினைத்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

மேல்மாடி அறைகளுக்கு ஐரோப்பிய நகரங்களின் பெயர். விருந்தாளியைப் பாரிஸில் தங்க வைக்கலாம், லண்டனில் தங்க வைக்கலாம். அங்கே புத்தகங்கள், ஆயுதங்கள். ஆயுதசாலையைப் பற்றிப் பலர் பரவசமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு நூறாவது துப்பாக்கிக்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. என்னை நிறுத்தியது வ்ராங்கெலின் கடைசல் பட்டறைதான். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரவழைத்த உளிகள், இழைப்புளிகள், கடைசல் இயந்திரம். மரம் கடைவது அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. பிடிகள் எல்லாம் அழகாக இழைக்கப்பட்டு, வரிசையாக, புத்தம் புதுசு மாதிரி. வேலை செய்த கருவி இப்படி இருக்காது. என் மாமனார் தச்சு ஆசாரி. அவருடைய உளிப்பிடியில் கட்டைவிரல் இருக்கும் இடம் குழிந்துபோயிருக்கும்.

அப்புறம்தான் வழிகாட்டிப் பெண் ஒரு கதவைத் திறந்தார்.

இத்தனை நேரம் சுதை, தங்கத்தோல், சித்திரத் திரைச்சீலை என்று பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பெரிய மண்டபம். பூச்சில்லாத செங்கல் சுவர். மேலே மரம் மரமாகத் தெரிகிறது. ஓரங்களில் சாரத்துக்கு வைத்த மரங்கள், பலகைகள், கருவிகள். வேலைக்காரர்கள் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்பது போல. போனது 1676ஆம் வருடக் கோடையில்.

வீட்டிலேயே பெரியதாகத் திட்டமிட்டிருந்த விருந்து மண்டபம் இதுதான். மாளிகையைக் கட்டியதே இங்கே கூட்டம் கூட்டி உட்காரத்தான் என்று சொல்லலாம். ஒரு விருந்தும் நடக்கவில்லை.

வ்ராங்கெல் இந்த வீட்டில் தங்கியதே அபூர்வம். போமெரானியாவில், அதாவது பால்டிக் கடலுக்குத் தெற்கே சுவீடன் வசம் இருந்த ஜெர்மன் பகுதியில், ஆளுநராக இருந்தார். கட்டட வேலையைக் கடிதம் எழுதியே நடத்தினார். 1675இல் பிராண்டன்பர்க் என்ற ஜெர்மன் அரசோடு சண்டை மூண்டபோது அவர் கீல்வாதத்தில் படுக்கையில் கிடந்தார். படையை நடத்திய தம்பி, மாற்றாந்தாய் மகன் வால்டெமார், ஃபேர்பெலினில் தோற்றார். அடுத்த கோடையில் ருய்கென் தீவில், ஸ்பிகெர் என்ற இன்னொரு மாளிகையில் கார்ல் குஸ்தாவ் இறந்தார். மனைவி அன்னா மார்கரேத்தா மூன்று வருடம் முன்னாடியே போய்விட்டார். பெயர் சொல்ல ஆண் பிள்ளை யாரும் மிஞ்சவில்லை.

செய்தி வந்ததும் கொத்தனார்களும் தச்சர்களும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. முப்பது வருடம் கட்டட வேலை பார்த்தவனுக்கு அதில் வேறு காட்சி தெரிகிறது. எந்த வேலையும் உளியைக் கீழே வைக்கிற நாளில் நிற்பதில்லை. இனி பில் பாஸ் ஆகாது என்று ஆட்களுக்குத் தெரிகிற நாளில் நின்றுவிடும்.

நான் அங்கே அரை மணி நேரம் நின்றேன். மற்ற அறைகளில் பார்த்தது எல்லாம் முடிவு. இங்கேதான் வழி தெரிகிறது. அரசர் மண்டபத்துச் சுதைக்குப் பின்னாலும் இதே செங்கல்தான், இதே மரம்தான். அதைப் பூசி மறைத்துவிட்டார்கள், அவ்வளவே. கோணல் செங்கல் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வரிசை ஒரு இடத்தில் லேசாக இறங்கி, நாலைந்து கல் தாண்டி, கனமான சாந்து கொடுத்து மறுபடி மட்டத்துக்கு ஏற்றப்பட்டிருந்தது. பூச்சில் மறைந்துவிடும் என்று தைரியமாகச் செய்திருக்கிறான். மாட்டிக்கொண்டான்.

மகள் காதருகே வந்து, "நம்ம மாடி மாதிரியே இருக்குப்பா" என்றாள். திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை, சுவர் எழுப்பிப் பூச்சுப் பூசாமல் பன்னிரண்டு வருடமாக நிற்கிறது. கூரைமேல் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று.

பிறகு மூத்த மகள் மார்கரேத்தா ஜூலியானா வழியாக மாளிகை ப்ராஹே குடும்பத்துக்குப் போனது. 1701இல், பிரிக்கக் கூடாது விற்கக் கூடாது என்ற வாரிசுக் கட்டு போட்டார்கள். இப்படிக் கட்டுப்போட்டதால்தான் பாகப்பிரிவினையில் சிதறாமல் சாமான் சாமானாக எல்லாம் இருக்கிறது. 1930இல் அந்த வம்சமும் முடிய, ஃபான் எஸ்ஸென் குடும்பத்துக்கு வந்து, 1967இல் அரசாங்கம் வாங்கியது. இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாக யாரும் அந்த மண்டபத்தைப் பூசி முடிக்க நினைக்கவில்லை.

வாங்கியபின் நடந்த பராமரிப்பு எனக்குத் தனிச் சந்தோஷம். ஓவெ ஹீதெமார்க் என்ற கட்டடக் கலைஞர் பொறுப்பெடுத்தார். அன்றைக்கு எங்கேயும் சிமென்ட் ராஜ்யம். பழைய சுவர் உதிர்ந்தால் சிமென்டை அப்பு என்பதுதான் வேதம். அவர் மறுத்து, வீடு கட்டிய காலத்துச் சுண்ணாம்பையும் பழைய கைவேலையையுமே திரும்பக் கொண்டுவந்தார். காரணம் எளிது. பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விடும். சிமென்ட் செங்கல்லைவிடக் கெட்டி, ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். இந்த ஊர்க் குளிரில் அந்த ஈரம் பனிக்கட்டியாகி விரிந்தால் பூச்சு மட்டுமல்ல, செங்கல் முகமே பெயர்ந்து வரும். நாங்கள் எத்தனை பழைய கட்டடத்துக்குச் சிமென்டைப் பூசி 'பழுதுபார்ப்பு முடிந்தது' என்று எழுதியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுதப் போவதில்லை.

நான்காம் நாள்: ஸ்டேனிங்கெ

மழை. ஸ்டேனிங்கெ மாளிகையைக் குடைக்குக் கீழேதான் பார்த்தோம்.

இதுவும் அதே மெலாரென் கரைதான், சிக்தூனா ஊருக்குக் கொஞ்சம் தெற்கே. ஆனால் முப்பது நாற்பது வருட இடைவெளியில் உலகமே மாறியிருக்கிறது. இளைய நிக்கோதேமுஸ் தெசின் 1690களில் கார்ல் யில்லென்ஷெர்னா என்ற பிரபுவுக்குக் கட்டியது. கோபுரம் கிடையாது, அடைத்த முற்றம் கிடையாது. நடுவில் இரண்டடுக்கு வீடு, முன்னால் இரு பக்கமும் தனித்தனியாகச் சின்னக் கட்டடங்கள், ஏரியைப் பார்த்துப் பின்பக்கம் புடைத்து வரும் கூடம். பிரான்சில் வோ-ல-விகோம்த் மாளிகையைப் பார்த்துப் படித்த பாடம்.

அளவு ஏன் சுருங்கியது? நடுவில் 1680 வந்துவிட்டது. பதினொன்றாம் கார்ல் அரசர், முன்னோர் பிரபுக்களுக்கு வாரிக் கொடுத்த நிலத்தை எல்லாம் திரும்பப் பிடுங்க ஆரம்பித்தார். பெரிய குடும்பங்கள் பல ஆடிப்போயின. அதற்குப் பிறகு கட்டியவர்கள் வாளால் சேர்த்தவர்கள் இல்லை, அரண்மனை வாசலில் செல்வாக்கோடு இருந்தவர்கள். இந்த வீட்டுக்காரரும் ராஜமாதாவுக்கு நெருக்கமானவர்தான்.

வீடு என்று பார்த்தால் இதுவே கெட்டிக்காரத்தனமானது. குடியிருக்கச் சொன்னால் இங்கேதான் இருப்பேன். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் வந்து நின்றது அந்தப் பூசாத செங்கல்தான்.

ஐந்தாம் நாள்: ட்ரொட்னிங்ஹோம்

ஸ்டாக்ஹோம் நகர மன்றத்துப் படித்துறையிலிருந்து படகு. அரச குடும்பம் 1981 முதல் இங்கேதான் குடியிருக்கிறது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1991இல் சேர்ந்தது. பயணிகள் கூட்டம் அதற்கேற்ப.

1661இல் ராஜமாதா ஹெத்விக் எலியோனோரா இதை வாங்கினார். இருபத்து மூன்று வயதில் விதவையானவர். வாங்கிய அதே டிசம்பரில் இருந்த மாளிகை எரிந்து போயிற்று. மறு வருடமே மூத்த தெசினைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். தெசின் 1681இல் இறக்க, மகன் தொடர்ந்தார். ஆள் செத்தால் வேலை நிற்கும் என்பது இங்கே நடக்கவில்லை. பணம் கொடுக்கும் கை உயிரோடு இருந்தது, 1715 வரை. நடுமாடிப் படிக்கட்டு ஒன்றுக்காகவே இங்கே வரலாம்: ஏறுகிறவன் ஒவ்வொரு திருப்பத்திலும் கூரை இன்னும் உயர்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறான்.

தோட்டத்தில் வெண்கலச் சிலைகள். அத்ரியன் த வ்ரீஸ் செய்தவை. பிராகில் வாலன்ஸ்டைன் தோட்டத்திலிருந்து 1648இல் வந்தவை பல, டென்மார்க்கின் ஃப்ரெடரிக்ஸ்போர்க் கோட்டையிலிருந்து 1659இல் வந்தவை மற்றவை. இப்போது வெளியே நிற்பவை நகல்கள். அசல்கள் எதிர்ப்புறம் பழைய குதிரை லாயத்தில், 2001 முதல் தனி அருங்காட்சியகமாக. அங்கே கூட்டமே இல்லை. குதிரை ஒன்றின் வயிற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தேன், வார்ப்பின் ஒட்டு எங்கே என்று. காவலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள், "எங்கப்பா இன்ஜினியர்" என்று ஆங்கிலத்தில் சமாதானம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், புரிந்தது போல.

திரும்பும் படகில் திருச்சிக்குப் போன் போட்டேன். மாடி அறைக்கு ஒரு பூச்சு, சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்பு, ஆள் கிடைப்பானா என்று கேட்டேன். மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சுண்ணாம்பா? அது காரைக்குடிப் பக்கம்தான் சார் ஆள் பார்க்கணும். ஆடி கழியட்டும்" என்றார்.

"என்னப்பா சொன்னாரு?" என்றாள் மகள்.

"ஆடி கழியட்டுமாம்."

அவள் அந்த மண்டபத்தின் புகைப்படத்தைக் கைபேசியில் எடுத்து என் முன்னால் நீட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை.